வீட்டில் இரண்டு புதுப் போன், எதை வைத்துக்கொள்ள?

குலசேகரத்தான்:
தீபாவளித் தள்ளுபடியில் நாகர்கோவிலில் ஒரு கடையில் சாம்சங் கேலக்ஸி எஸ்24 வாங்கினேன். அதே வாரம் பெங்களூரில் இருக்கும் தம்பி, ஒரு வார்த்தை சொல்லாமல், ஒன்பிளஸ் 12ஆர் வாங்கி அனுப்பிவிட்டான். ஆசையில் இரண்டு பெட்டியையும் உடைத்தாயிற்று. சீல் பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். ஆன்லைனில் வாங்கியதைப் பழுது இருந்தால் மாற்றித் தருவார்களாம், மனசு மாறினால் கிடையாதாம். ஆக, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பில்லோடு விற்க வேண்டும்.

என் பாடு இதுதான்: விடியுமுன் ரப்பர் தோட்டம், அப்புறம் ரப்பர் பால் அளந்து கணக்கு, நாள் முழுக்க வாட்ஸ்அப், போன். பேச்சிப்பாறைப் பக்கம் போய்விட்டால் சிக்னல் ஒரு கோடு. கேம் எல்லாம் கிடையாது. மூன்று நாலு வருஷம் ஓடினால் போதும். எதை வைக்க?

நாஞ்சில் வாத்தியார்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எஸ்24. 2024 ஜனவரியில் வந்த போன். 7 ஆண்ட்ராய்டு பதிப்பு, 7 வருஷம் பாதுகாப்பு அப்டேட் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. 2031 வரை கவலை இல்லை. 12ஆருக்கு 3 பதிப்பு, 4 வருஷப் பாதுகாப்பு, அவ்வளவுதான். பேங்க் ஆப் எல்லாம் பழைய ஆண்ட்ராய்டை ஒருநாள் வெளியே தள்ளும், அப்போது தெரியும் அருமை. வந்தபோது ஒன்று 74,999, மற்றது 39,999. விலை சும்மாவா வைப்பான்?

குளச்சல் கரைமடி:
வாத்தியாரே, அவர் கேட்டது நாலு வருஷம். நீங்கள் ஏழு வருஷத்தைத் தூக்கித் தலையில் வைக்கிறீர்கள். அப்டேட் ஏழு வருஷம் வரும், சரி, பேட்டரியும் ஏழு வருஷம் வருமா? எஸ்24-ல் 4000 எம்ஏஎச், 12ஆரில் 5500. டவர் தூரத்தில் இருந்தால் போன் கத்திக் கத்திப் பேச வேண்டும், சார்ஜ் அதில்தான் கரையும். எங்களுக்குக் கடலில் அதே கதை. கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே போன் டவரைத் தேடியே பாதி உயிரை விட்டுவிடும்.

இன்னொன்று, எஸ்24 ஏறுவது 25 வாட்டில். 12ஆர் 100 வாட், சார்ஜரும் பெட்டியிலேயே. மழைக்காலத்தில் கரண்ட் அரை மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற நாளில் இந்த வித்தியாசம் புரியும்.

கோட்டாறு அக்கா:
கையில் எடுத்துப் பார்த்துத்தான் பேசுகிறீர்களா எல்லோரும்? எஸ்24 167 கிராம், 12ஆர் 207. நாற்பது கிராம்தானே என்பீர்கள். 12ஆர் திரை 6.78 இஞ்ச், என் பெருவிரல் மேல் மூலைக்கு எட்டாது. ஒரு கையில் பை இருக்கும்போது போன் எடுத்துப் பாருங்கள்.

கேமராவை யாரும் சொல்லவே இல்லை. எஸ்24-ல் 3 மடங்கு ஜூமுக்குத் தனி லென்ஸ் உண்டு. 12ஆரில் அது கிடையாது. மூன்றாவதாக மிகப் பக்கத்தில் எடுக்க ஒரு 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸ், அது ஆள் கணக்குக்கு நிற்கிறது. கன்னியாகுமரிக் கரையில் நின்று வள்ளுவர் சிலையை இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். என் அக்கா மகன் 12ஆரில் எடுத்ததைப் பெரிதாக்கினால் முகம் பால்பாயசம் மாதிரி இருந்தது.

குலசேகரத்தான்:
அக்கா, நான் வள்ளுவரைப் பார்த்தே நாலு வருஷம் ஆகிறது. எடுக்கிற போட்டோ எல்லாம் ரப்பர் ஷீட்டும் எடை மிஷினும்தான்.

நாஞ்சில் வாத்தியார்:
தோட்டத்தில் மழை, ஈரம். தூசி, தண்ணீர் தாங்கும் தர எண் எஸ்24-க்கு ஐபி68, 12ஆருக்கு ஐபி64. இதோடு பேச்சு முடிந்தது.

மார்த்தாண்டம் சால்டரிங்:
முடியவில்லை வாத்தியாரே. பதினைந்து வருஷமாகப் போன் பிரிக்கிறேன், இந்த எண்ணை நம்பி வந்தவர்கள்தான் எனக்குப் பாதிச் சோறு. முதல் எண் 6 தூசிக்கு, அது இரண்டுக்கும் ஒன்றே. இரண்டாவது எண் தண்ணீருக்கு. 8 என்றால் எஸ்24-க்கு ஒன்றரை மீட்டர் ஆழம், அரை மணி நேரம். ஆனால் நல்ல தண்ணீரில்! கடலுக்கும் நீச்சல் குளத்துக்கும் வேண்டாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 4 என்றால் தெறிக்கிற தண்ணீர், முங்கினால் பொறுப்பில்லை. அதுவும் புதுப் போனுக்கு. ஒருதரம் கீழே போட்டு ஓரம் நசுங்கினால் 68-ம் ஒன்றுதான், 64-ம் ஒன்றுதான்.

எங்கள் பக்கத்துக் கரை ஊர்களில் இருந்து வருகிற போனில் சார்ஜ் ஓட்டைக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும். தண்ணீரே படாத போன், வெறும் உப்புக்காற்று. ஈரத்தோடு ஒயரைச் சொருகினால் போன் கதை சீக்கிரம் முடியும். கடலை விட்டுத் தள்ளி இருக்கிற குலசேகரம் ஊருக்கு அந்தப் பயம் குறைவு.

நான் கேட்டால் எஸ்24 என்பேன், காரணம் வேறு. திரை தட்டை. 12ஆர் ஓரம் வளைந்த கண்ணாடி. டெம்பர் கிளாஸ் ஒட்டினால் ஓரத்தில் காற்று நிற்கும், நாலு நாளில் உரியும்.

குளச்சல் கரைமடி:
அண்ணே, ஒட்டுகிற கண்ணாடிக்காகப் போனைத் தேர்ந்தெடுக்கிற முதல் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். ஈரக் கையை மறந்துவிட்டீர்களே! 12ஆரில் அக்வா டச் என்று ஒன்று உண்டு. திரையில் தண்ணீர்த் துளி கிடந்தாலும் விரலை விரலாகவே எடுத்துக்கொள்ளும்.

கோட்டாறு அக்கா:
திறந்தால்தானே தம்பி தொட முடியும்? எஸ்24-ன் கைரேகை சென்சார் ஒலி அலையில் வேலை செய்வது, 12ஆர் வெளிச்சத்தில். ஈர விரலை ஒலி அலைதான் நன்றாகப் படிக்கும்.

குளச்சல் கரைமடி:
அப்படியானால் பின் நம்பர் போடட்டும்!

குலசேகரத்தான்:
மக்களே, சண்டை வேண்டாம். இரண்டையும் இரண்டு நாள் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

கைரேகை விஷயத்தில் அக்கா சொன்னது சரி, ஆனால் பால் கையில் எதுவும் நடக்காது. விரலில் ரப்பர் பால் காய்ந்தால் தோல் மாதிரியே ஒரு படலம் நிற்கும். அதை உருட்டி எடுக்காமல் இரண்டு போனும் என்னை யாரென்று கேட்டன. கழுவிய ஈரக் கையில் எஸ்24 முதல் தடவையே திறந்தது, 12ஆர் மூன்றாவது தடவை. திறந்தபிறகு, மரத்தில் இருந்து சொட்டிக்கொண்டிருக்கும்போது கணக்குப் போட 12ஆர்தான் வசதி.

எடை விஷயம் நான் நினைத்ததைவிடப் பெரிது. சிரட்டையில் இருந்து வாளிக்குப் பால் ஊற்றக் குனியும்போது சட்டைப் பையில் இருந்த 12ஆர் நழுவியது. வாளிக்குள் விழாமல் சருகில் விழுந்தது, கடவுள் புண்ணியம். மறுநாள் இடுப்பில் ஒரு ஜிப்புப் பை கட்டிக்கொண்டேன், தீர்ந்தது.

பேட்டரி: ஒரே கம்பெனி சிம் இரண்டிலும், பேச்சிப்பாறை போய் வந்து மாலை ஐந்தரைக்குப் பார்த்தால் எஸ்24-ல் 22 சதவீதம், 12ஆரில் 51. எனக்கு அது போதும். 12ஆர் இருக்கட்டும், எஸ்24-ஐக் கொடுத்துவிடுகிறேன்.

மார்த்தாண்டம் சால்டரிங்:
சரி, உன் இஷ்டம். கொடுக்குமுன் கூகுள் கணக்கை வெளியே எடு, அப்புறம் ரீசெட் அடி. கணக்கை எடுக்காமல் ரீசெட் அடித்தால், பழைய கூகுள் கணக்கைக் கேட்கும் பூட்டில் வாங்குகிறவன் மாட்டிக்கொண்டு என் கடைக்கு வரக்கூடும். வாரண்டி பில் தேதியில் இருந்து ஓடும், பில்லைத் தொலைத்துவிடாதே.

நாஞ்சில் வாத்தியார்:
தவறான முடிவு என்பது என் கருத்து. அது இருக்கட்டும், எஸ்24 என்ன விலை சொல்கிறாய்?

குலசேகரத்தான்:
வாங்கிய விலையில் ரெண்டாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள் சார். பத்து நாள் கூட ஆகவில்லை.

நாஞ்சில் வாத்தியார்:
ரெண்டாயிரமா? பிரித்த பெட்டி தம்பி. பேட்டரியும் 4000 தான், நீயே 22 சதவீதம் என்று எழுதிவிட்டாய். பெட்டியில் சார்ஜர் வேறு கிடையாது, அதைத் தனியாக வாங்க வேண்டும். ஐந்து குறை.

குளச்சல் கரைமடி:
வாத்தியாரே!!!

குலசேகரத்தான்:
மூவாயிரம் சார், அதற்குமேல் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை தக்கலை வரை வருகிறேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் வாருங்கள். சார்ஜரை நீங்களே கொண்டுவந்து சொருகிப் பார்த்துக்கொள்ளலாம்.