அம்மாவுக்கு முதுகுல நெர்வ் பிளாக் டெஸ்ட் ஊசி போட்டிருக்கோம், அனுபவம் இருக்கவங்க சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு, அஞ்சு வருஷமா இடுப்பு வலி, பின்னாடி சாஞ்சாலும் திரும்புனாலும் தான் ரொம்ப, காலுக்கு இறங்கல. எம்ஆர்ஐல தேய்மானம்னு மட்டும் தான் சொன்னாங்க. இப்ப பாக்குற பெயின் டாக்டர், ஃபேசட் ஜாயின்ட்ல (முதுகெலும்புங்கள பின்பக்கமா இணைக்கிற சின்ன மூட்டு) இருந்துதான் வலி வருதான்னு தெரிஞ்சுக்க, சி-ஆர்ம் எக்ஸ்ரேல பாத்துக்கிட்டே அங்க போற சின்ன நரம்புங்கள மரத்துப்போக வைக்கிற ஊசி போட்டாரு. இது வைத்தியம் இல்லம்மா டெஸ்ட்டு தான், மருந்து வேகம் குறைஞ்சா வலி திரும்ப வரும், அரைமணிக்கு ஒருதடவ வலி பத்துக்கு எவ்வளவுன்னு நோட்டுல எழுதுங்கன்னாரு.

அன்னைக்கு மதியம் மேல் ஷெல்ஃப்ல இருந்த புளி டப்பாவ அம்மாவே எட்டி எடுத்தாங்க, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. எட்டா இருந்த வலி ரெண்டு. ராத்திரி மறுபடி ஏழு. ஊசி வீணாப் போச்சேன்னு அழுதுட்டாங்க, அவ்வளவு குறைஞ்சதே நல்ல சேதிதான்மான்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல.

இன்னொரு தடவ இதே ஊசி போட்டு உறுதி பண்ணிட்டு ரேடியோஃப்ரீக்வென்சில (ஊசி முனைல மின்சாரத்தால சூடு பண்றது) அந்த நரம்ப சுடலாம்கிறாங்க. பண்ணவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, எத்தன மாசம் தாங்குச்சு, மொத வாரம் வலி கூடுச்சா, நரம்பு திரும்ப வளந்தப்புறம் மறுபடி பண்ணீங்களா? அம்மாவுக்கு சுகரும் இருக்கு. கழுத்துக்கு பண்ணவங்களும் சொல்லலாம், அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டணும்.