கலைச்சொல்: விமானத்தின் ‘ஸ்டால்’ – ‘வேகமிழப்பு’ சரியா?

வணக்கம். சிறு விமானங்கள் தாழப் பறப்பதன் ஆபத்து பற்றிய கையேட்டுக்கு ‘ஸ்டால்’ தேவைப்படுகிறது. ‘எஞ்சின் நின்றது’ என்று எழுதினால் அது காரில் வரும் ஸ்டால் ஆகிவிடும். ‘வேகமிழப்பு’ பொருந்துமா?

---

> ‘வேகமிழப்பு’ பொருந்துமா?

பொருந்தாது. இந்தச் சொல்லோடு படித்தவர் வேகமானியை மட்டுமே பார்ப்பார். இறக்கை எதிர்காற்றைச் சந்திக்கும் கோணம், அதாவது தாக்குகோணம், எல்லை மீறினால் (சிறு விமானங்களில் ஏறத்தாழ 15 முதல் 18 பாகை) மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும், ஏற்றுவிசை சரியும். இதுதான் ஸ்டால், எந்த வேகத்திலும் நடக்கும். செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தில் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தகடு) இறக்காமல் நேராகப் பறந்தால் ஸ்டால் வேகம் 48 நாட் (ஒரு நாட் = மணிக்கு ஒரு கடல் மைல்). உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கைக்குச் சுமை 2 மடங்கு, ஸ்டால் வேகம் 1.41 மடங்கு, அதாவது 68 நாட். 65 நாட்டில் போனவர் எந்த வேகத்தையும் இழக்காமலே விழுவார்.

அலாஸ்காவில் ‘மூஸ் ஸ்டால்’ என்றே ஒரு பேச்சு உண்டு. கீழே நிற்கும் மூஸ் மானைப் பார்க்க வட்டமடிப்பார்கள். காற்று பின்னாலிருந்து தள்ளும் பக்கத்தில் தரை விரைந்து ஓடுவதாகத் தோன்றும். விமானி பவரைக் குறைப்பார். மான் கண்ணைவிட்டு நழுவாதிருக்க உள்பக்கச் சுக்கான் மிதியை அழுத்தி, யோக்கையும் (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடி) இழுப்பார். சறுக்கலோடு ஸ்டால் வந்தால் உள்பக்க இறக்கை முதலில் விழும், சுழல்வீழ்ச்சி தொடங்கும். ஒரு சுற்றுச் சுழன்று மீள குறைந்தது 1000 அடி உயர இழப்புக்கு இடம் வைக்கச் சொல்கிறது 172 கையேடு. நெரிசலற்ற இடங்களில் அமெரிக்க விதி 91.119 கேட்கும் உயரமோ 500 அடிதான்.

என் முன்மொழிவு: ஏற்றுமுறிவு.

---

> ஏற்றுமுறிவு

விளக்கம் சரி, சொல் இடிக்கிறது. ‘முறிவு’ என்றதும் இறக்கை ஒடிந்தது என்றே வாசிப்பார்கள். விபத்து அறிக்கையில் அது வேறு விஷயம். ‘ஏற்றிழப்பு’ என்றாலும் பிழைதான், ஏற்றுவிசை முழுதாகப் போவதில்லை. உங்கள் வரியிலேயே ‘சரியும்’ இருக்கிறதே! ‘ஏற்றுச்சரிவு’ என்போம். ‘ஏற்றுச்சரிவு எச்சரிக்கை’, ‘திருப்ப ஏற்றுச்சரிவு’ என்று கூட்டுச்சொற்களும் இயல்பாக வருகின்றன.

எச்சரிக்கை ஒலி 172-இல் ஸ்டால் வேகத்துக்கு 5 முதல் 10 நாட் முன்பே கேட்கும். அந்த நொடியில் செய்ய வேண்டியதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்: யோக்கைத் தளர்த்து, இறக்கைகளை மட்டப்படுத்து, முழு பவர் கொடு. சுழல் தொடங்கியபின் பவரை முழுதாகக் குறைத்து, எய்லரானை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடு) நடுவில் வைத்து, எதிர்ச் சுக்கானை முழுதாக மிதித்து, யோக்கை முன்னே தள்ளும் வரிசை உயரம் இருப்பவர்களுக்கே உதவும்.

---

‘ஏற்றுச்சரிவு’ எனக்கும் சம்மதம். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘ஸ்டால் எனும் ஏற்றுச்சரிவு’ என்று எழுதிவிடுகிறேன். அடுத்த அத்தியாயம் மின்கம்பிகள். கம்பி கண்ணுக்குத் தெரியாது, கோபுரம்தான் தெரியும். ஆகவே கோபுரத்துக்கு நேர் மேலே கடக்க வேண்டும், இரு கோபுரங்களுக்கு நடுவே அல்ல. அந்த நடுப்பகுதிக்கு மின்வாரியத்தார் புழங்கும் சொல் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.