நோக்கியா 6300 பாதுகாப்புக் குறியீடு மறந்துவிட்டது, உள்ளே அப்பாவின் குரல்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். மறைந்த அப்பாவின் நோக்கியா 6300, வேறு சிம் போட்டதிலிருந்து பாதுகாப்புக் குறியீடு கேட்டு நிற்கிறது. மூன்று வாரமாகிறது. பழைய சிம் கைவசம் இல்லை.

12345, 00000, அவர் பிறந்த தேதி, ஸ்கூட்டர் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ஐந்து தடவை தவறினால் சிறிது நேரம் எதையும் ஏற்காது. மெமரி கார்டைக் கழற்றிப் படங்களை எடுத்துவிட்டேன். ஆனால் பேத்தியைத் தூங்க வைக்க அவர் பாடிய பதிவு போனுக்குள்ளேயே இருக்கிறது. அது ஒன்றுதான் வேண்டும். லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் சாப்ட்வேர் மாற்றித் திறக்கலாம், உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்றார்கள். சரி, வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பேட்டரி புதிது, ஐஎம்இஐ எண்ணும் (போனின் தனி அடையாள எண்) பில்லும் இருக்கின்றன. எதையும் அழிக்காமல் குறியீட்டை மட்டும் எடுத்துத் தருபவர் கடலூரிலோ பாண்டிச்சேரியிலோ யாராவது இருக்கிறார்களா?