அம்ஹாரிக்ல (எத்தியோப்பியா மொழி) 'போகட்டும்' எப்படி சொல்றது? குழப்பமா இருக்கு

அடிஸ்காபி: 'யிஹேதால்'னா அவன் போறான் ஓகே, ஆனா 'யிஹித்'னும் கேக்குறேன், ரெண்டும் எனக்கு ஒரே மாதிரி இருக்கு, என்ன வித்தியாசம்??

மொழிப்பைத்தியம்: கடைசி 'ஆல்' போயிடும், நடுவுல 'ஏ' 'இ' ஆயிடும், அவ்ளோதான். யிஹித் = போகட்டும். நம்ம '-அட்டும்' மாதிரியே. லிஹித்? = நான் போகட்டுமா? இங்கிலீஷ் வழியா படிச்சா தலை சுத்தும், தமிழ்ல யோசிங்க. 'இன்னிஹித்' மட்டும் 'வாங்க போலாம்'னு அர்த்தம்.

இஞ்செராபிரியன்: பாஸ், 'போகாதே'க்கும் இதே வடிவம்தான், அத்திஹித். 'நீ போகமாட்டே'ன்னா அத்திஹேதிம், கடைசி 'ம்'ஐ கவனிங்க, நான் அத முழுங்கிட்டு எதோ சொல்லி ஒருத்தர வாசல்லயே நிக்க வெச்சுட்டேன் 😂

மொழிப்பைத்தியம்: ஆமா. பெரியவங்கள உக்கார சொல்ல யிக்கெமெத்து, 'அவங்க உக்காரட்டும்'ங்கற மாதிரி வரும், மரியாதைக்கு. நன்றி சொல்ற 'எக்ஸியாபெர் யிஸ்தில்லிஞ்' கூட இதே வகைதான், எனக்காக கடவுள் குடுக்கட்டும்னு.

அடிஸ்காபி: அட அத தினமும் சொல்றேனே!!