காட்பாடி ஏன் அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது?

விருதம்பட்டு வாசி:
நாங்கள் வேலூர் மாநகராட்சிக்கு வரி செலுத்துகிறோம், மாவட்டமும் வேலூர்தான். ஆயினும் காட்பாடி ரயில் நிலையம் தொடர்பாக எங்கள் தெருவினர் மனு எழுத அமர்ந்தபோது, அதை வேலூர் மக்களவை உறுப்பினருக்கு அனுப்புவதா, அரக்கோணம் உறுப்பினருக்கா என்பதிலேயே ஒரு மாலைப்பொழுது கழிந்துவிட்டது. முன்பு நாங்கள் வேலூருக்குத்தானே வாக்களித்தோம்? எப்போது, எதனால் மாறியது என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கொசப்பேட்டைக்காரர்:
உங்கள் நினைவு சரியே, ஐயா. காதர் மொகிதீன் வென்ற 2004 தேர்தல் வரை காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, வேலூர், ஆரணி ஆகிய ஆறும் சேர்ந்ததே வேலூர் மக்களவைத் தொகுதி. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி செய்யப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறையில் திருப்பத்தூர் மக்களவைத் தொகுதி நீக்கப்பட்டு, அதிலிருந்த வாணியம்பாடி வேலூரோடு இணைந்தது. பேரணாம்பட்டு நீக்கப்பட்டு, ஆம்பூரும் கே.வி.குப்பமும் சட்டமன்றத் தொகுதிகளாக உருவாகி வேலூரில் இடம்பெற்றன. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளை 39 மக்களவைத் தொகுதிகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஆறுதான் வரும். இவ்வாறு புதியவை சேர்ந்ததால் வடக்கே காட்பாடியும் தெற்கே ஆரணியும் விலக நேர்ந்தது என்பதே என் புரிதல். காட்பாடி திருத்தணி, அரக்கோணம், சோளிங்கர், ராணிப்பேட்டை, ஆற்காடு ஆகியவற்றோடு சேர்க்கப்பட்டது.

முன்னாள் வாக்குச்சாவடி அலுவலர்:
ஒரு கால வரிசையைக் கவனிக்க வேண்டும். எல்லை 2008 பிப்ரவரியிலேயே முடிவாகிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் வேலூர் மாநகராட்சி ஆயிற்று. காட்பாடிப் பக்கத்துத் தாராபடவேடு, கழிஞ்சூர் முதலிய பகுதிகள் அதில் இணைந்தது 2011இல். நகரம் பாலாற்றைத் தாண்டி ஒன்றானபோது தொகுதிக்கோடு ஆற்றங்கரையிலேயே நின்றுவிட்டது. இதன் விளைவை 2019இல் கண்கூடாகப் பார்த்தோம். வேலூர் தொகுதியின் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் வாக்குப்பதிவு நடந்தது. பாலாற்றுப் பாலத்துக்குக் காட்பாடிப் பக்கம் இருந்தவர்கள் ஏப்ரல் 18ஆம் தேதியே வாக்களித்து முடித்திருந்தார்கள். ஒரே மாநகராட்சியின் ஒரு பாதிக்கு மக்களவையில் குரல் இருக்க, மறுபாதிக்கு அது சில மாதங்கள் இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

சோளிங்கர் வாசகி:
சற்று மாறுபடுகிறேன். ரயில்வே கோரிக்கைகளைப் பொறுத்தவரை அரக்கோணம் முதல் காட்பாடி வரையிலான தடத்தின் பெரும்பகுதிக்கு ஒரே உறுப்பினர் பேசுவது பயணிகளுக்கு நல்லதுதான். ஆனால் குடிநீர், சாலை போன்று நகரம் முழுமைக்குமான திட்டங்களில் இந்தப் பிரிவினை இடையூறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விருதம்பட்டு வாசி:
மிக்க நன்றி. மனுவை அரக்கோணம் உறுப்பினருக்கே எழுதுகிறோம். அந்த நிலையத்தில் இறங்கி மருத்துவமனைக்குச் செல்பவர்கள் பாலத்தைக் கடந்து வேலூருக்குள்தான் போகிறார்கள் என்பதால், நகல் ஒன்றை வேலூர் உறுப்பினருக்கும் அனுப்புவோம்.