வாந்திக்கு ஊசி போட்ட பிறகு அப்பா விறைத்துப் போய்விட்டார்

பிறை மகள்:
அப்பாவுக்கு 74 வயது, பார்க்கின்சன்ஸ் என்கிற நடுக்குவாத நோய். அதற்கான மடோபார் மாத்திரை வேளை தவறாமல் ஓடுகிறது, நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தார். போன வாரம் வெளியே சாப்பிட்ட மீ கோரெங் ஒத்துக்கொள்ளாமல் ஒரே வாந்தி. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு மாத்திரையும் கொடுத்தார்கள். வாந்தி நின்றது. ஆனால் மறுநாள் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. தோசையைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோகிற கை பாதி வழியில் நின்றுவிடுகிறது. பேச்சும் முணுமுணுப்பாகிவிட்டது. "நோய் முற்றிவிட்டது, மடோபாரைக் கூட்டச் சொல்லுவோம்" என்கிறான் அண்ணன். எனக்கு அந்த வாந்தி மருந்து மேல்தான் சந்தேகம். உறையில் மேக்ஸோலான் என்று இருக்கிறது. யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

செந்தூல்காரன்:
எங்கள் அம்மாவுக்குத் தலைசுற்றலுக்கு ஸ்டெமெட்டில் கொடுத்து இதே கதைதான். நிறுத்திய பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தார். ஸ்பெஷலிஸ்ட்டிடம் கேளுங்கள், கூகிளிடம் வேண்டாம்.

பழைய மிஸ்ஸி:
வார்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். உன் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறதும்மா. அப்பாவுக்கு மூளையில் டோபமைன், அதாவது உடம்பு அசைவுக்கு வேண்டிய ரசாயனம், குறைவு, மடோபார் அதை ஈடுகட்டுகிறது. மேக்ஸோலான் மூளைக்குள் போய் அந்த டோபமைன் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற மாதிரி. ஸ்டெமெட்டிலும் அப்படித்தான், தலைசுற்றலுக்குக் கொடுக்கிற ஸ்டுகெரானும் அப்படித்தான். மனக்குழப்பத்துக்குப் போடும் ஹாலோபெரிடால் இன்னும் மோசம்.

மிச்ச மேக்ஸோலானைக் கொடுக்காதே. இன்றைக்கே அப்பாவைப் பார்க்கிற டாக்டரைக் கூப்பிட்டுச் சொல். மடோபாரை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். சட்டென்று நிறுத்துவது ஆபத்து. விறைப்போடு காய்ச்சலோ புத்தித் தடுமாற்றமோ வந்தால் நேராக ஜிஎச் (அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி) எமர்ஜென்சிக்குப் போய்விடு.

வாந்திக்கு என்ன செய்வது என்பாய். டோம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் போகாது, அதனால் இவர்களுக்கு அதைத்தான் யோசிப்பார்கள். ஆனால் இதயக் கோளாறு உள்ளவருக்கு அதுவும் பார்த்துத்தான். டாக்டர் முடிவு செய்யட்டும்.

அப்புறம் ஒரு காரியம். அவருக்கு ஆகாத மருந்துகளின் பெயரை ஒரு அட்டையில் எழுதி ஐசியோடு (அடையாள அட்டையோடு) வைத்துவிடு. கிளினிக்கில் இருப்பவர்களுக்கு அப்பாவைத் தெரியாது, அவசரத்தில் நமக்கும் வாய் வராது.

பிறை மகள்:
நன்றி மிஸ்ஸி. ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் பேசினேன், அவர்களும் மேக்ஸோலான் வேண்டாம் என்றார்கள். நாளை வரச் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை. இதற்கு நடுவில் சித்தி வேறு பூனைக்காலி விதைப் பொடி வாங்கி வந்திருக்கிறார். இயற்கைதானே, ஒன்றும் செய்யாது என்கிறார்.

பழைய மிஸ்ஸி:
செய்யும்! பூனைக்காலியில் இருப்பதே லெவோடோபாதான், மடோபாரில் இருக்கிற அதே சரக்கு. ஒரு கரண்டியில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் கை கால் தானாக நெளியும், எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார். சித்தி மனம் நோகாமல் வாங்கி வைத்துக்கொள், நாளைக்கு டப்பாவோடு டாக்டரிடம் காட்டு. மடோபாரைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்கிறாய்தானே? முட்டை, பருப்பு, மைலோவோடு கொடுத்தால் சரியாக ஏறாது. அதையும் நாளைக்கே கேட்டுவிடு.