தொண்டு வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தவர்கள் இருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்புவெளிக்காரி:
எங்கள் குழு ஞாயிறு காலையில் கடற்கரையில் பொலித்தீன் பொறுக்கும். சனி பின்னேரம் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. பெயருக்கு நிறையப் பேர், வேலைக்கு எப்போதும் அதே ஐந்தாறு முகம்தான். போன ஐப்பசியில் சண்டை தொடங்கியது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: கழுவிய கையுறைகளை யார் வீட்டுக் கொடியில் காயப்போடுவது! நடுச்சாமத்தில் வட்ஸ்அப்பில் நீளமாக ஒரு குரல் பதிவு வரும். அதற்குப் பதில் அதைவிட நீளமாக வரும். கையுறை வெறும் சாட்டு, ஆளாளுக்குக் களைத்துப் போயிருந்தோம்.

கூட்டத்தில் எங்கள் மாஸ்ரர், "பிள்ளையள், தைப்பொங்கல் வரைக்கும் எல்லாத்தையும் நிப்பாட்டுவம்" என்றார். மாரியில் கடல் கொந்தளித்து, காலையில் துப்புரவாக்கிய கரையில் பின்னேரமே புதுக் குப்பையைக் கொட்டிவிடும். அந்த நேரம் மாரடிப்பதில் பயனும் குறைவு. கையில் எவ்வளவு காசு, சாவி யாரிடம், குப்பை ஏற்ற வரும் பிரதேச சபை உழவு இயந்திரத்துக்கு யார் சொல்வது, திரும்பக் கூடும் நாள் எது என்று அன்றே கொப்பியில் எழுதிக் கையெழுத்தும் வைத்தோம். வட்ஸ்அப்பில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றினோம். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

"திருகோணமலைக் கோட்டைப் பக்கம் மான் பொலித்தீன் தின்னுது, உங்களுக்கு ஓய்வோ?" என்று ஒருவர் கேட்டார். சுருக்கென்றது. ஆனால் அவர் ஒரு ஞாயிறும் வந்ததில்லை.

மூதூர் நானா:
தங்கச்சி, கடற்கரை வேலையை நிறுத்தலாம். மகாவலி பெருகி வெருகல் பக்கம் தண்ணீர் ஏறினால், இடம்பெயர்ந்த சனத்துக்குச் சமைப்பதை நிறுத்த ஏலாது. நாங்கள் ஆளை மாற்றினோம். அடுப்படியில் இரண்டு நாள் நின்றவர் மூன்றாம் நாள் வீட்டில்தான் நிற்க வேண்டும். அவர் விருப்பத்துக்கு விட்டால் போகமாட்டார், "நான் இல்லாட்டி நடக்காது" என்பார். பருப்பு மூட்டைக் கணக்கில் தர்க்கப்படுகிறவரும் அநேகமாக அவர்தான்.

சனம் வீடு திரும்பியதும் கிடாரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டோம். வெளியூரிலிருந்து இன்னும் பொதி அனுப்பவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்வதுதான் சமைப்பதைவிடக் கஷ்டம்.

தாதி அக்கா:
இப்படி வேலை செய்து களைத்துப் போவதற்கு பர்ன்அவுட் என்று பெயர். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974இல் இதைப் பற்றி எழுதினார். நியூயோர்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் வேலை செய்தவர்களையும் தன்னையும் பார்த்துத்தான் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன விளக்கம் தொழிலிடத்துக்கு மட்டுமானது, அதை நோய் என்றும் சொல்லவில்லை. ஆனால் அதிலுள்ள மூன்று அடையாளங்களும் சங்கங்களில் அப்படியே தெரியும்: சக்தி வற்றுவது, வேலைமேல் வெறுப்பும் எகத்தாளமும் வருவது, செய்து என்ன பிரயோசனம் என்ற எண்ணம். நான் முதலில் கவனிப்பது எகத்தாளத்தைத்தான். உதவி கேட்டு வருகிற சனத்தைப் பற்றி ஒருவர் நக்கலாகக் கதைக்கத் தொடங்கினால், அவருக்கு லீவு தேவை.

தம்பலகாமத்தான்:
எல்லாரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். நாங்கள் வாசிகசாலையை "கொஞ்ச நாளைக்கு" என்று மூடினோம், அது அப்படியே கிடக்கிறது. நாளும் குறிக்கவில்லை, சாவியும் யாரிடம் என்று தெரியாது. புத்தகம் முழுக்கக் கறையான். அக்கா, உங்கள் வகுப்புப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

உப்புவெளிக்காரி:
நல்ல கேள்வி தம்பி. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் மாஸ்ரர் தன் வீட்டு விறாந்தையில் வைத்துப் பார்த்தார், நாங்கள் தடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மாதம் வகுப்பு இல்லை, அது நட்டம்தான். பொங்கல் கழித்துக் கூடியபோது பழையவர்களில் இரண்டு பேர் வரவில்லை, கூப்பிட்டுக் கரைச்சல் கொடுக்கவும் இல்லை. ஒரு பிள்ளையின் அம்மா தானாக வந்து ஆண்டு மூன்று வகுப்பைப் பொறுப்பெடுத்தார். கடற்கரை வேலை இப்போது மாதம் ஒருமுறைதான். கையுறையை அவரவர் கொண்டுவர வேண்டும்.